கிறிஸ்துமஸைத் தடைசெய்த கிறிஸ்தவர்கள்

இயேசு எந்த மாதத்தில், எந்த நாளில் பிறந்தார் என்று நான்கு சுவிசேஷங்களில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. அந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாட வேண்டும் என்ற கட்டளையும் புதிய ஏற்பாட்டில் கிடையாது. தம்மை நினைவுகூரும்படி அவர் சீடர்களிடம் சொன்னது அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்த இராப்போஜன வேளையில்தான். அப்படியானால், வேதத்தில் கட்டளையில்லாத பண்டிகையைத் திருச்சபை ஆசரிக்கலாமா? இந்தக் கேள்வி 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அரச ஆணையாகவும் பாராளுமன்றச் சட்டமாகவும் தெருச்சண்டையாகவும் மாறியது.

பண்டிகைகளில் ஈஸ்டர் மிகப் பழையது. அதைப் பற்றிய சண்டையும் பழையதுதான். சின்ன ஆசியாவின் சபைகள் யூதர்களின் பஸ்கா நாளான நிசான் 14-ஆம் தேதியை, அது எந்தக் கிழமையில் வந்தாலும் ஆசரித்தன. ரோம் சபை ஞாயிறை விடவில்லை. கி.பி. 155 வாக்கில் சிமிர்னாவின் பாலிகார்ப் ரோமுக்கு வந்து அங்கிருந்த ஆயர் அனிசேட்டஸுடன் இதைப் பேசினார். ஒருவர் வழிக்கு மற்றவர் வரவில்லை. ஆனாலும் தம் சபையில் திருவிருந்தை நடத்தும் பொறுப்பை அனிசேட்டஸ் அந்த விருந்தாளியிடமே கொடுத்தார். இருவரும் சமாதானமாகப் பிரிந்தனர். பின்னால் வந்தவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியை நினைவில் வைத்திருந்தால் எவ்வளவோ துயரம் தவிர்ந்திருக்கும். 190 வாக்கில் ரோமின் விக்டர், ஆசியச் சபைகளை ஐக்கியத்திலிருந்தே விலக்க முற்பட்டார்; ஆயர் இரேனியஸ் அவரைக் கண்டித்து எழுத வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸ் இதைவிடப் பிந்தியது. வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோன், ஏரோது போன்றவர்களே என்று மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் சுட்டிக்காட்டினார். டிசம்பர் 25 கிறிஸ்துவின் பிறந்தநாளாக எழுத்தில் தெரிவது ரோமில் 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியில். அதிலுள்ள பட்டியல் 336-ஐச் சேர்ந்தது. அந்தியோகியாவில் 386-இல் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், இந்த நாள் அங்கே தெரியவந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை என்கிறார். ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-ஐத்தான் ஆசரிக்கிறது.

இடைக்காலத்தில் புனிதர்களின் நாட்கள் பெருகி, ஆண்டில் பல வாரங்கள் வேலையின்றிக் கழிந்தன. மார்ட்டின் லூதர் 1520-இல் ஜெர்மன் பிரபுக்களுக்கு எழுதிய நூலில், ஞாயிறு தவிர மற்ற பண்டிகைகளை எல்லாம் எடுத்துவிடலாம் என்றே சொன்னார். குடியும் சூதாட்டமும் சோம்பலும் அந்த நாட்களைக் கெடுத்துவிட்டன என்பது அவர் முறையீடு. ஆனால் லூதரன் சபைகள் பெரிய பண்டிகைகளை வைத்துக்கொண்டன. வேதம் விலக்காதது, விசுவாசத்துக்கு உதவுவது, நிலைக்கலாம் என்பது அவர்கள் நிலை. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் புளுட்சாவும் இந்த மரபினர். ஆகவே தமிழ் லூதரன் சபை தொடக்கத்திலிருந்தே பண்டிகை நாட்காட்டியோடு வளர்ந்தது.

சுவிட்சர்லாந்தில் உருவான சீர்திருத்த மரபு வேறு அளவுகோலை எடுத்தது. ஆராதனையில் வேதம் கட்டளையிட்டதற்கு மட்டுமே இடம். மனிதன் கூட்டியது எவ்வளவு அழகாக இருந்தாலும் நிற்காது. ஜெனீவாவின் நகர மன்றம் 1550-இல் ஞாயிறு தவிர்ந்த பண்டிகைகளை எல்லாம் நீக்கியது. அதைத் தூண்டியது தாம் அல்ல என்று ஜான் கால்வின் பெர்ன் நகர நண்பருக்கு எழுதினார். அதே மரபைச் சேர்ந்த சூரிச்சின் புல்லிங்கரோ, பிறப்பு, பாடு, உயிர்த்தெழுதல், பரமேறுதல் ஆகியவற்றை நினைவுகூரும் நாட்களைத் தம் விசுவாச அறிக்கையில் மனமார ஏற்றுக்கொண்டார். ஒரே அளவுகோலை வைத்திருந்தவர்களிடையேயும் ஒத்த கருத்து இல்லை.

பண்டிகைகளை எதிர்த்தவர்கள் மேற்கோள் காட்டிய பகுதிகள் இலேசானவை அல்ல. கர்த்தர் கற்பித்ததோடு எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்கிறது உபாகமம் 12. கட்டளையிடப்படாத அந்நிய அக்கினியைக் கொண்டுவந்த நாதாபும் அபியூவும் மடிந்ததை லேவியராகமம் 10 சொல்கிறது. நாட்களையும் மாதங்களையும் பார்க்கும் கலாத்தியரைக் குறித்துப் பவுல் பயப்படுகிறார். இன்றும் தமிழ்நாட்டில் சகோதரர் சபைகள் பலவும் பெந்தெகொஸ்தே சபைகள் சிலவும் இத்தகைய வசனங்களைக் காட்டியே கிறிஸ்துமஸைத் தவிர்க்கின்றன. மறுதரப்புக்கும் ஆதாரம் இருந்தது. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இல்லாத பூரீம் பண்டிகையை எஸ்தர் காலத்து யூதர்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்டார்கள். அது எங்கும் கண்டிக்கப்படவில்லை. மக்கபேயர் காலத்தில் தோன்றிய தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது இயேசுவே ஆலயத்தில் உலாவியதாக யோவான் 10 கூறுகிறது. இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஹூக்கர் 1597-இல் வெளியிட்ட நூல் பகுதியில், நன்றியோடு நினைவுகூர நாள் குறிப்பது சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று வாதாடினார்.

இரு தரப்பையும் தாண்டி நிற்பது ரோமர் 14. ஒருவன் ஒரு நாளை மற்ற நாளைவிட மேலாக எண்ணுகிறான்; இன்னொருவனுக்கு எல்லா நாளும் ஒன்று; அவனவன் தன் மனதில் நிச்சயப்பட்டிருந்தால் போதும் என்று பவுல் விட்டுவிடுகிறார். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் ஆட்சி கையில் இருந்தவர்கள் மறந்தது இந்த அதிகாரத்தைத்தான்.

ஸ்காட்லாந்தில் ஜான் நாக்ஸும் தோழர்களும் 1560-இல் எழுதிய ஒழுங்கு நூல், வேதத்தில் ஆதாரம் இல்லாததால் கிறிஸ்துமஸ் உள்ளிட்ட நாட்களை அறவே ஒழிக்கச் சொன்னது. 1566-இல் புல்லிங்கரின் அறிக்கையை ஏற்ற ஸ்காட்லாந்துப் பொதுச்சபை, பண்டிகைகள் பற்றிய அந்த ஒரு பகுதியை மட்டும் ஏற்க மறுத்தது. மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1590-இல் பொதுச்சபையின் முன் நின்று, உலகிலேயே தூய சபை தம் நாட்டுச் சபைதான் என்று புகழ்ந்ததாகவும், 1550-இன் நீக்கத்தையும் மீறி ஜெனீவா ஈஸ்டரையும் கிறிஸ்துமஸையும் எந்த ஆதாரத்தில் வைத்திருக்கிறது என்று கேட்டதாகவும் வரலாற்றாசிரியர் கால்டர்வுட் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் அரியணையும் கிடைத்த பிறகு அவர் பேச்சு மாறியது. 1618-இல் பெர்த் நகரில் கூடிய பொதுச்சபையில் ஐந்து விதிகளை நிறைவேற்றச் செய்தார்: திருவிருந்தில் முழங்காலிடுவது ஒன்று, கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, ஈஸ்டர், பரமேறுதல், பெந்தெகொஸ்தே நாட்களை ஆசரிப்பது இன்னொன்று. மறுத்த போதகர்கள் விசாரிக்கப்பட்டார்கள். இருபது ஆண்டு அடங்கியிருந்த மனத்தாங்கல், 1638-இல் கிளாஸ்கோ பொதுச்சபை அந்த விதிகளைத் தூக்கியெறிந்தபோது வெடித்தது.

இங்கிலாந்தில் நடந்தது இதன் மறுபக்கம். பாராளுமன்றத்துக்கும் அரசனுக்கும் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் ஒவ்வொரு மாதமும் கடைசிப் புதன்கிழமை உபவாச நாளாக இருந்தது. 1644-இல் டிசம்பர் 25 அந்தப் புதன்கிழமையிலேயே வந்தது. விருந்தா, உபவாசமா? உபவாசமே என்று பாராளுமன்றம் ஆணையிட்டது. அடுத்த மாதம் பொது வழிபாட்டுக்காக ஏற்கப்பட்ட புதிய கையேடு, வேத ஆதாரம் இல்லாத பண்டிகை நாட்கள் தொடரக்கூடாது என்றது. 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே மூன்றும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. பணியாளரும் தொழில் பழகும் இளைஞரும் மாணவரும் இளைப்பாற மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய் ஒதுக்கப்பட்டது. பொதுவாக இந்தத் தடைக்கு ஆலிவர் கிராம்வெல்லின் பெயரைச் சொல்வார்கள். அவர் நாட்டின் காப்பாளரானது 1653-இல்தான். தடை அதற்கு முன்பே வந்துவிட்டது.

தடை வந்த 1647-இன் டிசம்பர் 25 அன்று கான்டர்பரி நகரில் மேயர் வழக்கம்போல் சந்தை கூட வேண்டும் என்று உத்தரவிட்டார். சில கடைகள் திறந்தன. கூட்டம் அவற்றின் சரக்கை வீதியில் வாரியிறைத்தது. மேயரைக் கீழே தள்ளியது. தெருவில் பந்தாட்டம் தொடங்கியது. வீட்டு வாசல்களில் ஹாலி இலைக்கொத்துகள் தொங்கின. கலகக்காரர்களைக் குற்றம்சாட்ட 1648 மே மாதம் ஜூரிகள் மறுத்துவிட்டார்கள். அதிலிருந்து கென்ட் மாவட்டம் முழுதும் பாராளுமன்றத்துக்கு எதிராகக் கிளர்ந்து, ஜூன் 1 அன்று மெய்ட்ஸ்டன் நகரில் பாராளுமன்றத் தளபதி ஃபேர்ஃபாக்ஸின் படையிடம் தோற்றது. பத்தாண்டு கழித்தும் ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில், 1657 கிறிஸ்துமஸ் அன்று லண்டன் சிற்றாலயம் ஒன்றில் திருவிருந்து பெற எழுந்து சென்றபோது சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டி நின்றதைப் பதிவு செய்கிறார்.

இந்தத் தடையைக் கொண்டுவந்த பியூரிட்டன்களின் மனசாட்சியைச் சந்தேகிக்க இடமில்லை. பன்னிரண்டு நாள் குடியும் கும்மாளமும் கிறிஸ்துவின் பெயரால் நடப்பதை அவர்கள் மெய்யாகவே வெறுத்தார்கள். ஆனால் பாராளுமன்றத்தைத் தகர்க்கத் தீட்டிய வெடிமருந்துச் சதி முறியடிக்கப்பட்ட நவம்பர் 5-ஐ ஆண்டுதோறும் நன்றியறிதல் நாளாக அவர்களே ஆசரித்தார்கள். அதற்கும் வேதத்தில் கட்டளை இல்லை. இங்கே அவர்கள் வாதம் வலுவிழக்கிறது.

அட்லாண்டிக்குக்கு அப்பால் பிளிமத் குடியேற்றத்தில் 1621-இல் இதே பிரச்சினை சற்று மென்மையாகத் தீர்ந்தது. கிறிஸ்துமஸ் அன்று வேலை செய்ய மனசாட்சி இடம் தரவில்லை என்று புதிதாக வந்தவர்கள் சொன்னபோது ஆளுநர் வில்லியம் பிராட்ஃபர்ட் அவர்களை விட்டுவிட்டார். மதியம் அவர்கள் தெருவில் விளையாடுவதைக் கண்டதும், பிறர் உழைக்கும்போது நீங்கள் விளையாடுவதற்கு என் மனசாட்சி இடம் தரவில்லை என்று விளையாட்டுப் பொருட்களைப் பறித்துக்கொண்டார். பக்தியாகக் கொண்டாடுவதானால் வீட்டுக்குள் இருங்கள் என்றார். மாசசூசெட்ஸ் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுபவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தது. லண்டனின் நெருக்குதலால் 1681-இல் அது நீங்கியது. 1856-இல் அதே மாசசூசெட்ஸ் அந்த நாளைச் சட்டப்படி விடுமுறையாக்கியது.

இங்கிலாந்தில் 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் தடைச் சட்டங்கள் செல்லாதவையாயின. ஸ்காட்லாந்தில் மட்டும் பழைய வழக்கம் தொடர்ந்தது. மக்களின் கொண்டாட்டம் புத்தாண்டுக்கு முந்தைய இரவான ஹாக்மனேக்கு இடம் மாறியது. டிசம்பர் 25 பலருக்கும் வேலைநாளாகவே இருந்தது. அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958-இல்தான்.