தசைக்குள் ஒரு மதகு

மருத்துவ வரலாற்றில் நான் பெரிதும் போற்றும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 21 வயது இளைஞர் ஒருவர் கால் முறிந்து மருத்துவமனை சேர்ந்தார். முறிந்த காலைவிட மயக்க மருந்தையே அவர் அஞ்சினார். ஈதர் கொடுக்கப்பெற்று அவருடைய உறவினர் பதின்மர் மாண்டிருந்தனர். ஆகவே ஹாலோதேன் கொடுத்தனர். அதிலும் நிலைமை சீர்கெட்டது, உடனே நிறுத்தினர், பிழைத்தார். டாக்டர் மைக்கேல் டென்பரோ அவ்வச்சத்தைப் பேதைமையென்று தள்ளவில்லை. அக்குடும்ப வரலாற்றை ஆராய்ந்து, லோவெல் என்பாருடன் 1960இல் வெளியிட்டார்.

காரணம் புலப்பட ஏறத்தாழ 30 ஆண்டுகள் சென்றன. தசையின் உயிரணுக்களுள் கால்சியம் தேங்கிய நுண்பைகள் உள்ளன. ஏரிக்கு மதகு போல், அவற்றிற்கு ஒரு புரத வாயில். நரம்பின் கட்டளை வந்ததும் அது திறக்கும், கால்சியம் பாயும், தசை சுருங்கும். இத்தகைய குடும்பங்கள் பலவற்றில் அம்மதகு பிறவியிலேயே பழுதுற்றது. மயக்க வாயு பட்டால் அது மூடாது. தசைகள் ஓயாது இறுகி, உடல் அனலாய்க் கொதிக்கும்.

டான்ட்ரோலீன் என்னும் மருந்து இதைத் தணிப்பதை 1975இல் தென்னாப்பிரிக்காவின் ஹாரிசன் பன்றிகளிடம் கண்டார். இன்று அதுவே மனிதரையும் காக்கின்றது.

மதகைக் காணுமுன்பே அதன் பழுதை அறிவித்தது ஓர் இளைஞரின் அச்சம். அதற்குச் செவிசாய்த்த பண்பையே நான் முதற்கண் வணங்குகிறேன்.