தண்ணீருக்கு எந்த மன்றத்தின் கதவைத் தட்டுவது?

மாணவர்களே, ஆற்றில் கழிவு கலந்தால் யாரிடம் முறையிடுவீர்கள்? விடை நம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆறும் நிலமும் மாநிலத்தின் பொறுப்பு. குடிநீர் விநியோகமும் முன்பு அப்படித்தான். 2005 திருத்தம் அதைக் கூட்டரசும் மாநிலமும் பகிரும் பட்டியலுக்கு மாற்றியது. 2006-இல் நாடாளுமன்றம் நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டத்தை இயற்றியது.

அக்காலத்தில் தண்ணீர் தனியார்மயத்தை எதிர்த்த கூட்டணியை ஒருங்கிணைத்தவர் சார்ல்ஸ் சந்தியாகோ. வெளியே நின்று கேட்டவர், 2008-இல் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினராக அவைக்குள்ளேயே போனார்.

2020 செப்டம்பரில் ரவாங்கில் ஆறு மாசுபட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் 1,292 பகுதிகளில் குழாய் வறண்டது. அதன்பின் சிலாங்கூர் சட்டமன்றம் நீர் மாசுக்கான உச்ச அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது.

இங்கே ஒரு சிக்கல். கிள்ளான்வாசிக்குச் சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் இருவரும் உண்டு. கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூருக்குச் சட்டமன்றமே கிடையாது. ஆனால் பிரிக்பீல்ட்ஸ் குழாயில் வருவதும் பெரும்பாலும் சிலாங்கூர் ஆற்று நீர்தானே! ஆகவே அவர்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரை நாடுவதோடு, சிலாங்கூர் மக்களோடும் சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டும்.

மனுவில் நாள், இடம், பாதிக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை, கோரிக்கை ஆகியவை தெளிவாக இருக்கட்டும். தேர்வில் அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதவும் இதே பயிற்சி கைகொடுக்கும்.