சவலைப் பூனை

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் கடுகு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில், காசிமேட்டில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கத்திக்கொண்டிருந்த குட்டியை என் தம்பி சட்டைக்குள் போட்டு திருவொற்றியூருக்குக் கொண்டுவந்தான். அன்றைக்கு அது அவன் உள்ளங்கையில் அடங்கியது. இன்றைக்கு எடை ஒன்றே முக்கால் கிலோ. நம்ம தெருவில் திரியும் வளர்ந்த பெண் பூனைகள் சாதாரணமாக இரண்டரை, மூன்று கிலோ இருக்கும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "குட்டிக்கு எத்தினி மாசம்?" ரெண்டு வயசு என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். என் தோழிகள் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். எதிர்வீட்டு ஆயா மட்டும் ஒருநாள் கடுகைக் கழுத்தோடு தூக்கி, வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது சவலைம்மா. பால் குடிக்கிறப்பவே ஆத்தாக்காரி வுட்டுட்டுப் பூட்டிருப்பா."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் அந்தப் பட்டம் அதுவரை என்னுடையதாக இருந்தது. நான் பிறந்து பத்தாம் மாசமே அம்மா வயிற்றில் தம்பி. பால் நின்றுபோனது. அவன் ஆறடி, நான் நாலடி பத்தங்குலம். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைக் காட்டி, "இது சவலை, அதான் இப்படி" என்பார்கள். அம்மா உடனே, "சின்ன உடம்புதான், ஆனா ஒரு காய்ச்சல் தலைவலி கிடையாது" என்பாள்.

சின்னது, ஆனால் ஆரோக்கியம். இது உண்மையா, நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானமா? கடுகுக்காகத்தான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, இதே கேள்வியைக் கேட்டவர்கள் வரிசையாக வந்தார்கள்.

*

எனக்குப் பிடித்த பதில் முதலில் கிடைத்தது. உலகத்திலேயே மிகச் சிறிய காட்டுப்பூனைகளில் ஒன்று நம் பக்கத்தது. சாம்பல் உடம்பில் துருப்பிடித்த நிறப் புள்ளிகள். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிறது. வளர்ந்த பூனையே ஒன்று, ஒன்றரை கிலோதான். 1831-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் இசிதோர் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தது புதுச்சேரியிலிருந்து போன ஒரு மாதிரியைப் பார்த்துத்தான்.

மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் இந்தப் பூனையின் குட்டி ஒன்றை 1846-ல் வீட்டில் வளர்த்தார். பார்த்தவர்கள் எல்லோரும் அதன்மேல் ஆசைப்பட்டார்களாம். எட்டு மாசக் குட்டியாக இருந்தபோது அது இருந்த அறைக்குள் ஒரு மான்குட்டியை விட்டிருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் பாய்ந்து பிடரியைக் கவ்விக்கொண்டது; பிரித்தெடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. 1867-ல் வெளிவந்த தன் பாலூட்டிகள் நூலில் இதை எழுதிவைத்திருக்கிறார்.

இப்படியொரு பூனையைச் சவலை என்று யாராவது சொல்ல முடியுமா? அதன் அளவே அதுதான். அது முழுசாக வளர்ந்த உடம்பு.

கடுகும் அப்படி இருக்கக்கூடாதா என்று கொஞ்ச நாள் ஆசைப்பட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் புள்ளி தேடினேன். ஒன்றும் இல்லை. கடுகு சுத்தமான வீட்டுப்பூனை, மேற்காசியக் காட்டுப்பூனையின் வம்சம். தானியக் கிடங்கின் எலிக்காக மனிதனோடு ஒட்டிக்கொண்டு, பிறகு கப்பல் ஏறி உலகமெல்லாம் போன இனம். நாய்களில் கையளவும் உண்டு, கன்றுக்குட்டி அளவும் உண்டு. வீட்டுப்பூனைகளில் அந்த அளவு வித்தியாசம் கிடையாது. 'டீகப் பூனை' என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அப்படித் தனி இனம் எதுவும் இல்லை. பெரும்பாலும் ஈற்றிலேயே நோஞ்சானாகப் பிறந்தவற்றை ஒன்றோடொன்று சேர்த்து எடுத்த குட்டிகள்தான். ஆகவே ஒரு வீட்டுப்பூனை தன் இனத்தைவிட இவ்வளவு சின்னதாக இருந்தால், ஏன் என்று கேட்டாக வேண்டும்.

*

அந்த 'ஏன்' நீலகிரியில் ஒருமுறை கேட்கப்பட்டது. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறிய பிரிவு தொடங்கியது. நடத்தியவர் ராபர்ட் மெக்காரிசன். பிற்பாடு அங்கே அவர் செய்த ஒரு சோதனை பிரபலமானது. ஒரே வகை எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு மக்கள் சாப்பிடும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாகக் கொழுத்து வளர்ந்தன. எல்லாவற்றிலும் எடை குறைந்தவை, அரிசியே பிரதானமான 'மதராஸி' உணவைத் தின்றவை.

அந்தக் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் ஆட்களின் உடம்பை ஜாதி, இனம் என்று பார்த்தார்கள். சிலர் பிறவியிலேயே வீரர்கள், சிலர் பிறவியிலேயே சோப்ளாங்கிகள். குன்னூர் எலிகளுக்கு ஜாதி கிடையாது. எல்லாம் ஒரே வம்சம். மாறியது தட்டு மட்டும்தான். உடம்பு சிறுத்ததற்குப் பிறவியைக் காரணம் சொல்ல வழியில்லாமல் போனது.

நம் பாட்டிகளின் சொல்லுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. 1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் வேலை பார்த்தார். உடம்பு வீங்கி, தோல் உரிந்து, சுருண்டு கிடந்த குழந்தைகளை அங்கே நிறையப் பார்த்தார். அந்த ஊர்த் தாய்மார்கள் அதற்கு வைத்திருந்த பெயரையே 1935-ல் அவர் மருத்துவ உலகுக்குக் கொடுத்தார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் தாய்ப்பாலிலிருந்து தள்ளப்பட்ட குழந்தைக்கு வரும் நோய் என்று அர்த்தம். கிட்டத்தட்ட நம்ம சவலை. இரண்டு மொழியிலும் அந்தச் சொல் குழந்தையின் அளவைச் சொல்லவில்லை. அதற்கு என்ன நடந்தது என்பதைச் சொன்னது.

*

அம்மா சொன்ன அதே வாக்கியத்தை 1980-களில் ஒரு பொருளாதார அறிஞர் கோட்பாடாகவே முன்வைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. டேவிட் செக்லர் என்ற அமெரிக்கர், 1982-ல் வெளிவந்த கட்டுரையில். அந்தத் தொகுப்பின் ஆசிரியர் புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே. செக்லரின் வாதம் இது: இந்தியாவில் ஊட்டக்குறைவு என்று கணக்கில் வரும் பெரும்பாலானவர்கள் உயரமும் எடையும் குறைந்தவர்கள், அவ்வளவுதான். நோய் அறிகுறி கிடையாது. இருக்கிற சாப்பாட்டுக்குத் தக்கபடி உடம்பு தன்னைச் சிறுத்துக்கொண்டது. இவர்கள் சின்னவர்கள், ஆனால் ஆரோக்கியமானவர்கள். அரசு தன் பணத்தை உண்மையிலேயே உயிருக்குப் போராடுகிறவர்களுக்குச் செலவழிக்கட்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கிறது.

இதை எதிர்த்து எழுதியவர் சி. கோபாலன். சேலத்தில் 1918-ல் பிறந்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, மெக்காரிசன் தொடங்கிவைத்த அதே குன்னூர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அந்த ஆய்வகம் பிறகு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தபோது அதன் தலைவராகவும் இருந்தார். 1983-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே கேள்விதான்: சின்னது ஆரோக்கியம் என்பது ஏழைகளுக்கு மட்டும்தானா, பணக்காரர்களுக்கு இல்லையா?

அவர் கேட்டதை என் பாஷையில் சொல்கிறேன். வசதியான வீட்டு இந்தியக் குழந்தை, மற்ற நாட்டுக் குழந்தைகள் அளவுக்கு வளர்கிறது. அப்படியென்றால் சின்ன உடம்பு நம் இரத்தத்தில் இல்லை. குடிசையில் இருக்கும் குழந்தை சிறுப்பது, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அரைவயிறுமாக அது கடந்துவந்த மாசங்களின் தழும்பு. அதைத் 'தகவமைப்பு' என்று கூப்பிட்டால், அந்த மாசங்களையும் சரி என்று ஒப்புக்கொண்ட மாதிரி. சிறுத்து வளர்ந்த பெண்ணுக்குப் பிரசவம் ஆபத்து. அவளுக்குப் பிறப்பதும் எடை குறைந்த குழந்தையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். சவலை அடுத்த தலைமுறைக்கும் போகும்.

2006-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் அவர் பக்கமே நின்றன. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில், நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்தார்கள். உயர வளர்ச்சி எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கோபாலன் 2019-ல் சென்னையில் காலமானார், நூறு வயதில்.

*

இதெல்லாம் படித்தபிறகும் கடுகு மடியில்தான் கிடந்தது. அதற்கு என்ன நடந்தது என்று யாரைக் கேட்பது?

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பயம் ஒட்டிக்கொண்டு வரும். 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியது, வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடி எண்ணெய், இந்தமுறை எண்ணூர் கழிமுகத்துக்குள். ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவர் ஊரில் 1950-களில் பூனைகள்தான் முதலில் துடித்து, சுழன்று, செத்தன. ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியாக அவற்றுக்குள் போயிருந்தது. பிறகு அதே நோய் மனிதர்களுக்கு வந்தது. ஆலைக்குப் பக்கத்தில் மீன் தின்று வாழ்கிற யாருக்கும் தன் வீட்டுப் பூனையைப் பார்த்தால் ஒரு நிமிஷம் அந்த ஞாபகம் வரும்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வயது நூறுக்கு மேல், 1903-ல் தொடங்கியது. அங்கே காலை ஏழு மணிக்கே போய் டோக்கன் வாங்கிக் காத்திருந்தோம். டாக்டரம்மா கடுகின் வாயைத் திறந்து பார்த்தார். பால்பல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் நிலைப்பல். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார். விலாவைத் தடவினார். "எலும்பு கைக்குத் தெரியுது, ஆனா துருத்தல. இது நல்லது." மலமும் ரத்தமும் எடுத்தார்கள்.

அவர் கேட்ட கேள்விகள்தான் எனக்குப் பாடம். தலை பெருசா, கால் குட்டையா, எப்பவும் சோம்பிக் கிடக்குதா? அப்படியென்றால் பிறவித் தைராய்டு குறைபாடாக இருக்கலாம். சாப்பிட்டதும் மந்தமாகி எச்சில் ஒழுகுதா? கல்லீரலுக்குள் போகவேண்டிய ரத்தம் சுற்றிப் போகும் கோளாறு உண்டு. மூச்சு வாங்குதா? விளையாடுதா? போன வருஷம் எடை எவ்வளவு?

கடைசிக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் எடை போட்டதே இல்லை.

மலத்தில் புழு முட்டை இருந்தது, மருந்து கொடுத்தார். மற்றதெல்லாம் சரி. மீன் மட்டுமே போடாதீர்கள், பச்சை மீன் வேண்டவே வேண்டாம், அது பி1 வைட்டமினை அழித்துவிடும் என்றார். உடம்பு தேறியதும் குடும்பக்கட்டுப்பாடு செய்துவிடுங்கள், இந்த இடுப்பெலும்புக்குப் பிரசவம் கஷ்டம் என்றார். நான் கோபாலனை நினைத்துக்கொண்டேன்.

"அப்போ இது ஆரோக்கியமா இருக்கா டாக்டர்?"

"இப்ப இருக்கு. ஆனா பிறவியிலேயே சின்னதுன்னு சொல்ல மாட்டேன். வளர்ற நேரத்துல சாப்பாடு இல்ல, புழுவும் இருந்திருக்கும். அந்த மாசங்கள இனி திருப்பிக் குடுக்க முடியாது. இனிமே எடை குறையாமப் பாத்துக்கோங்க. ஒரு தடவை போட்ட எடை எனக்கு ஒண்ணும் சொல்லாது. மாசாமாசம் போடுங்க."

*

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அம்மா சிரித்தாள். "இதைச் சொல்றதுக்கு வேப்பேரி வரைக்கும் போவணுமா?"

அம்மா இருபத்திரண்டு வருஷம் அங்கன்வாடியில் ஆயாவாக இருந்தவள். மாசாமாசம் பிள்ளைகளைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பது அவர்கள் வேலை. இந்தப் பழக்கத்தையே மையமாக வைத்து ஒரு திட்டம் இங்கே நடந்திருக்கிறது: 1980-ல் மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டியில் சோதனையாக ஆரம்பித்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாசாமாசம் எடை போட்டார்கள். போதுமான அளவு எடை ஏறாத பிள்ளைக்குத் தொண்ணூறு நாள் சத்துருண்டை. ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். பிள்ளை பெருசா சின்னதா என்பதைவிட, போன மாசத்துக்கு இந்த மாசம் கோடு எங்கே போகிறது என்பதுதான் அங்கே கேள்வி.

"ஒரு பொண்ணு இருந்தா," என்றாள் அம்மா. "குடும்பமே குட்டை. நாங்களும் அப்படியே வுட்டுட்டோம். மூணு மாசம் எடை ஏறல. டீச்சருக்குச் சந்தேகம் வந்து ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனா, பிரைமரி காம்ப்ளெக்ஸ். அன்னைலேந்து எந்தப் புள்ளையப் பார்த்தும் இது அப்படித்தான்னு நான் சொன்னதில்ல."

"என்னை மட்டும் சொன்னியே?"

அம்மா பதில் சொல்லவில்லை. பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துவந்தாள். மடிப்பில் கிழிந்து செல்லோ டேப் ஒட்டிய என் வளர்ச்சி அட்டை. பத்தாம் மாசம் வரைக்கும் புள்ளிகள் ஏறுகின்றன. அதற்குப் பிறகு ஐந்து புள்ளிகள் ஒரே மட்டத்தில், வரப்பு மாதிரி. அப்புறம் மெல்ல மேலே திரும்புகின்றன. மேலே போனாலும், விட்டுப்போன அந்த இடைவெளி கடைசிவரை நிரம்பவில்லை.

"அந்த அஞ்சு மாசம் உங்கப்பாவுக்கு வேலை இல்ல," என்றாள். "நான் வாயும் வயிறுமா இருந்தேன். உனக்கு வெறும் கஞ்சித்தண்ணி. அதை எப்படி வர்றவங்ககிட்டல்லாம் சொல்றது? அதான் சின்ன உடம்புன்னு சொன்னேன்."

போன ஞாயிற்றுக்கிழமை, மீன் விற்கும் சித்தியிடம் கொக்கி வைத்த டிஜிட்டல் தராசை இரவல் வாங்கினோம். கடுகைத் துணிப்பையில் போட்டுத் தலை மட்டும் வெளியே தெரியத் தொங்கவிட்டோம். பை ஆடியது, கடுகு திட்டியது. ஒரு கிலோ எண்ணூற்று அறுபது. புழுமருந்து கொடுத்த நாளைவிட நூற்றுப் பத்து கிராம் கூட. அம்மா தினக்காட்டியில் அந்தத் தேதித் தாளைக் கிழிக்காமல், ஓரத்தில் எழுதிவைத்தாள்.