முளையில் தெரியாத வலிமை

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது நம் முன்னோர் மொழி. தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் பரந்து நிற்கும் செம்பனைக்கு இம்மொழி எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் நான்கு கன்றுகள் 1848இல் சாவகத்தின் பொகோர் தாவரப் பூங்காவை அடைந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவின் டெலிப் பகுதியில் பெருகின. தடித்த ஓடுடைய 'டெலி டூரா' இனம் இவ்வழியில் வந்ததே. மலாயாவின் முதல் வணிகப் பயிரீடு 1917இல் சிலாங்கூரின் தென்னமராம் தோட்டத்தில் தொடங்கிற்று. நான்கே கன்றுகளின் வழிவந்த இனத்தில் மரபு வேறுபாடு குறுகியிருத்தல் இயல்பு.

தடித்த ஓடுடைய டூராவையும் ஓடற்ற பிசிபெராவையும் இணைத்தால் மெல்லோடுடைய, எண்ணெய் மிகுந்த டெனெரா பிறக்கும். ஓட்டின் தன்மையை ஒரே மரபணு ஆள்கிறது என்பதைப் பெல்ஜிய அறிஞர் பெய்ர்நார்ட், வாண்டர்வெயன் ஆகியோர் 1941இல் விளக்கினர். அம்மரபணுவை மலேசிய ஆய்வாளர் 2013இல் கண்டறிந்தனர். ஆகவே கனியின் இயல்பை நாற்றின் இலையிலேயே அறிதல் இன்று கூடும்.

வறட்சி தாங்கும் ஆற்றலோ ஒரு மரபணுவுக்கு உட்பட்டதன்று. செம்பனைக்கு ஆணிவேர் இல்லை. நீரும் உரமும் உறிஞ்சும் நுண்வேர்களிற் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவுகிறது. மண் காய்ந்தால் குருத்துகள் விரியாமல் நிற்கும். ஆண் பூங்கொத்துகள் மிகும். அதன் இழப்பு ஈராண்டு கழித்தும் குலையிலே தெரியும். மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமே நாட்டில், இன்றைய பெனினில், பொபே நிலையத்தார் வறண்ட நிலத்தில் ஆராய்ந்தபோது, தாங்கும் ஆற்றல் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடக் கண்டனர்.

தெலுக் பங்லிமா காராங்கின் கடலோரக் களிமண் ஈரம் காப்பது. இத்தகைய மண்ணில் வேரின் குறை எளிதில் வெளிப்படாது. நாற்றங்காலிலோ நாள்தோறும் நீர் கிடைப்பதால், வலிய கன்றும் மெலிந்த கன்றும் ஒன்றுபோலவே தழைக்கும். சோதனைக் காலம் வரும்போதே வேற்றுமை புலனாகும். 2015ஆம் ஆண்டின் எல் நினோ வறட்சிக்குப் பின், 2015இல் ஏறத்தாழ 20 மில்லியன் டன்னாக இருந்த மலேசியச் செம்பனை எண்ணெய் உற்பத்தி, 2016இல் 17.3 மில்லியனாகத் தாழ்ந்தது.

நட்ட மரம் சுமார் 25 ஆண்டு நிற்கும். விதைத் தேர்வில் நேரும் பிழையின் சுமை, அறுத்த குலைக்கேற்பக் கூலி பெறும் பாட்டாளியின் தோளிலும் விழுகிறது. ஆதலின், முளையின் செழுமையை மட்டும் கண்டு மகிழ்தல் போதாது. அதன் தாய் தந்தை மரங்கள் வறண்ட மண்ணில் எவ்வாறு நின்றன என்பதையும் அறிதல் வேண்டும்.