இரவல் பாராசூட்

1999ஆம் ஆண்டு அக்டோபர் 22. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா. எல் கேபிடன் என்னும் கருங்கல் சுவர் அங்கே பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து பாராசூட்டுடன் குதிக்க அன்று சிலர் காத்திருந்தார்கள். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பூங்காக் காவலர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் முன்பே சொல்லியாயிற்று. இறங்கியதும் கைதாவோம், பாராசூட்டையும் ஒப்படைப்போம் என்று ஒப்புக்கொண்டு நடத்திய எதிர்ப்புப் போராட்டம் அது.

மூன்று பேர் குதித்துப் பத்திரமாகத் தரை சேர்ந்தார்கள். அடுத்து ஜேன் டேவிஸ். அறுபதை ஒட்டிய வயது. பாராசூட் குதிப்பில் நீண்ட அனுபவம் உள்ளவர். எப்படியும் பறிமுதல் ஆகப்போகிறதே என்று தன் சொந்த பாராசூட்டை விட்டுவிட்டு இரவல் வாங்கிய ஒன்றை அணிந்திருந்தார். பெரிய குடையை வெளியே இழுக்கும் சிறுகுடை, அவர் கை பழகிய பையில் முதுகின் அடிப்பகுதியில் இருக்கும். இரவல் பையில் அது கால்பட்டையில் இருந்தது. ஏறக்குறைய இருபது விநாடிகள் விழுந்தார். கடைசிவரை பாராசூட் விரியவில்லை. கீழே அவருடைய கணவர் டாம் சாண்டர்ஸ் அந்தக் குதிப்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

எதற்காக அந்தப் போராட்டம்? நான்கு மாதங்களுக்கு முன், அதே ஆண்டு ஜூன் மாதத்தில், ஃபிராங்க் காம்பலி என்பவர் அதே சுவரிலிருந்து குதித்தார். பாராசூட் ஒழுங்காக விரிந்தது, ஒழுங்காகத் தரையிறங்கினார். காவலர்கள் துரத்தினார்கள். தப்பிப்பதற்காக, பனி உருகிப் பெருகி ஓடிய மெர்செட் ஆற்றில் பாய்ந்தார். மூழ்கி இறந்தார். அவரைக் கொன்றது மலையும் இல்லை, பாராசூட்டும் இல்லை. குதிப்பதைவிட மாட்டிக்கொள்வது ஆபத்தாகிவிட்டது என்று அவருடைய தோழர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு ஜேன் டேவிஸைப் பலி கொண்டது.

விமானம் இல்லாமல், நிலையான ஓர் இடத்திலிருந்து பாராசூட்டுடன் குதிப்பதை பேஸ் ஜம்பிங் என்கிறார்கள். கட்டடம், ஆன்டெனா கோபுரம், பாலம், மலைமுகடு என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தது அந்தப் பெயர். நான்கிலிருந்தும் குதித்து முடித்தவருக்கு வரிசை எண் உண்டு. முதல் எண்கள் 1981இல் வழங்கப்பட்டன. பெயர்தான் புதிது, ஆசை பழையது. 1912 பிப்ரவரி 2ஆம் தேதி நியூயார்க்கில் ஃபிரெடெரிக் ராட்மன் லா என்பவர் சுதந்திரதேவி சிலையிலிருந்து பாராசூட்டுடன் குதித்து உயிர் பிழைத்தார். இரண்டே நாள் கழித்து, பாரிஸில் ஃபிரான்ஸ் ரைஷெல்ட் என்ற தையற்காரர் தானே தைத்த பாராசூட் உடையுடன் ஈஃபிள் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து, 57 மீட்டர் உயரத்திலிருந்து, குதித்தார். பொம்மையை வைத்துச் சோதிக்கப்போவதாகச் சொல்லித்தான் காவல்துறையிடம் அனுமதி வாங்கியிருந்தார். கேமராக்களுக்கு முன்னால் தரையில் மோதி இறந்தார்.

நவீனக் கதை 1966 ஜூலையில் தொடங்குகிறது. மைக்கேல் பெல்கி, பிரையன் ஷூபர்ட் என்ற இரு நண்பர்கள் எல் கேபிடனிலிருந்து வட்டக்குடை பாராசூட்டில் குதித்தார்கள். வட்டக்குடை காற்று இழுக்கும் திசையில் போகும், திருப்புவது கடினம். இருவரும் எலும்பு முறிந்து மருத்துவமனை சேர்ந்தார்கள்.

நிலைமையை மாற்றியது டாமினா ஜால்பர்ட் 1964இல் உருவாக்கிய செவ்வகக் குடை. அதன் முன்விளிம்பில் உள்ள வாய்கள் வழியே காற்று புகுந்து துணியை விமான இறக்கை வடிவில் உப்ப வைக்கும். அதைத் திருப்பலாம், முன்னோக்கி ஓட்டலாம், சுவரைவிட்டு விலகலாம். 1978 ஆகஸ்டில் கார்ல் போனிஷ் என்ற ஒளிப்பதிவாளர், நான்கு பேர் செவ்வகக் குடையுடன் எல் கேபிடனிலிருந்து குதித்ததைப் படமாக்கினார். அந்தக் காட்சிகளைப் பார்த்தவர்கள் உலகெங்கும் மலை தேடிப் புறப்பட்டார்கள். 1980 கோடையில் பூங்கா நிர்வாகம் அனுமதிச்சீட்டு கொடுத்துப் பார்த்தது. குதிக்க வந்தவர்களில் சிலர் விதிகளை மதிக்கவில்லை. சில வாரங்களில் கதவு மூடப்பட்டது. பூங்காவுக்குள் வான்வழியே ஆளையோ பொருளையோ இறக்கக்கூடாது என்ற விதி இன்றும் பேஸ் குதிப்பவர்கள் மீது பாய்கிறது.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விமானத்திலிருந்து குதிப்பவரிடம் இரண்டு பாராசூட்டுகள் உண்டு. முதலாவது சிக்கினால் அதை அறுத்துவிட்டு இரண்டாவதை விரிக்கலாம். மயங்கிப்போனாலும், குறிப்பிட்ட உயரம் வந்ததும் இரண்டாவதைத் தானாகத் திறந்துவிடும் கருவி 1990களிலிருந்து பரவலாகிவிட்டது. பேஸ் குதிப்பவர் பையில் பெரும்பாலும் ஒரே பாராசூட்தான். பாலத்திலிருந்து குதிப்பவருக்குத் தரைக்குச் சில விநாடிகள்தான். இரண்டாவதைத் தேட ஏது நேரம்?

ஆகவே அந்த ஒன்றையே மாற்றி மாற்றிச் செம்மைப்படுத்தினார்கள். விமானத்திலிருந்து குதிப்பவருக்குக் குடையைத் திறக்கும் நேரத்தில் நல்ல வேகம் இருக்கும், அந்த வேகமே குடையை விரித்துவிடும். பாறையிலிருந்து கிளம்பியவருக்கு முதல் ஓரிரு விநாடிகளில் போதிய வேகம் இல்லை. அதனால் சிறுகுடை பெரிதாயிற்று, சில சமயம் விட்டத்தில் ஒரு மீட்டரையும் தாண்டும். குடை படீரென விரிந்து உடலை உலுக்காமல் இருக்க, கயிறுகளின் நடுவே வழுக்கி இறங்கும் ஸ்லைடர் என்ற சதுரத் துணி உண்டு. குறைந்த உயரத்தில் அந்தத் தாமதத்துக்கும் இடமில்லை, கழற்றிவிடுகிறார்கள். பின்னர் துணியின் அடிப்பக்கத்திலும் காற்று வாய்கள் வைத்து, குடை இன்னும் சீக்கிரம் உப்பும்படி செய்தார்கள்.

மிகவும் தாழ்வான இடங்களில் சிறுகுடையையே நம்புவதில்லை. பாராசூட்டின் உச்சியை ஒரு மெல்லிய கயிற்றால் பாலத்தில் கட்டிவிட்டுக் குதிப்பார்கள். உடல் எடை குடையை வெளியே இழுக்கும், அதன்பின் கயிறு அறும். இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது எனக்குக் கல்கத்தா நினைவு வந்தது. 1890இல் அங்கே ராம்சந்திர சட்டர்ஜி என்ற உடற்பயிற்சிக் கலைஞர், பெர்சிவல் ஸ்பென்சரிடம் பழகி, பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கினார். அப்படி இறங்கிய முதல் இந்தியர் அவர்தான். ஸ்பென்சர் சகோதரர்களின் பாராசூட்டும் பலூனின் பக்கத்தில் மெல்லிய கயிற்றில் தொங்கும், குதிப்பவர் எடை தாங்காமல் கயிறு அறுந்து கீழே வரும். நூறாண்டு கழித்தும் அதே உத்தி பாலங்களில் உயிர் காக்கிறது. சட்டர்ஜியின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் ஏறியிருக்க வேண்டும்.

பேஸ் குதிப்பில் எல்லோரும் அஞ்சுவது குடை விரியாமல் போவதைவிட, திசை மாறி விரிவதைத்தான். சுவரை நோக்கித் திரும்பி விரிந்தால் குதித்தவர் பாறையில் மோதுவார். திசை பிசகாமல் விரிய வேண்டுமானால் மடிப்பு பிசகக்கூடாது. புடவைக் கொசுவம் வைப்பதுபோல் இடமும் வலமும் சமமாக, ஒவ்வொரு கயிறும் நடுக்கோட்டில் நிற்க, ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து மடிக்கிறார்கள். தன் பாராசூட்டைத் தானே மடிப்பது அவர்களிடையே எழுதாத சட்டம். ஜேன் டேவிஸின் கதையில் என்னை உறுத்துவது இதுதான். இத்தனை நுணுக்கமான துறையில், பறிமுதல் பயம் ஒன்றே அனுபவசாலி ஒருவரைப் பழகாத பையை மாட்ட வைத்தது. பலர் வெளிச்சம் மங்கும் நேரம் பார்த்துக் குதிப்பதற்கும் காரணம் அதே பயம்தான். 2015 மே 16 அன்று, அதே யோசெமிட்டியில் மாலை மங்கிய வேளையில், டீன் பாட்டர், கிரஹாம் ஹன்ட் என்ற இருவர், துணி இறக்கைகள் கொண்ட விங்சூட் உடையில் பறந்து பாறை இடுக்கைக் கடக்க முயன்று இறந்தார்கள்.

பூங்கா நிர்வாகத்துக்கும் நியாயம் உண்டு. ஒருவர் பாறையில் சிக்கினால் மீட்கப் போகும் ஊழியரும் உயிரைப் பணயம் வைக்கிறார். நார்வேயின் டிரோல்வெக்கன் சுவரில் 1984 ஜூலையில் கார்ல் போனிஷே இறந்தார். ஆபத்தான மீட்புப் பணிகளைக் கண்டு 1986இல் அங்கே குதிப்பது தடை செய்யப்பட்டது. ஆனால் அதே நார்வே, கியேராக் என்ற ஆயிரம் மீட்டர் மலையில் வேறு வழியை எடுத்தது. குதிக்கலாம், ஆனால் அங்குள்ள கழகத்தின் விதிகளுக்கு உட்பட்டு. ஒவ்வொரு குதிப்பும் பதிவாயிற்று, ஒவ்வொரு விபத்தும் பதிவாயிற்று. பதிவு இருந்ததால் மருத்துவர்கள் கணக்குப் பார்க்க முடிந்தது. 1995 முதல் 2005 வரை 20,850 குதிப்புகள், 82 விபத்துகள், 9 மரணங்கள். அதாவது 2,317 குதிப்புக்கு ஓர் உயிர். அமெரிக்காவில் விமானத்திலிருந்து குதிப்பவர்களிடையே இன்று ஒரு லட்சம் குதிப்புக்கு ஒரு மரணம்கூட இல்லை. இந்த ஒப்பீடு எந்தத் தடை உத்தரவைவிடவும் வலிமையான எச்சரிக்கை என்று நினைக்கிறேன். ஒளிந்து குதிக்கும் இடத்தில் இப்படி ஒரு கணக்கு பிறக்கவே பிறக்காது.

சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் இன்னொரு பாடம் இருக்கிறது. குதிப்பவர்கள் இறங்குவது உழவர்களின் புல்வெளியில். வளர்ந்து நிற்கும் புல் மாடுகளின் குளிர்காலத் தீவனம், மிதித்தால் நஷ்டம். அதனால் குதிப்பவர்கள் கட்டணம் கட்டி அட்டை வாங்குகிறார்கள், பணம் நிலத்துக்காரர்களுக்குப் போகிறது. அறுக்காத புல்லில் இறங்குவது அவர்களுக்குள்ளேயே மானக்கேடு. குதிக்கும் முன் ஹெலிகாப்டர் நிலையத்துக்குச் சொல்வதும் வழக்கம்.

இந்தச் சமூகத்தின் மனநிலையும் காலப்போக்கில் மாறியிருக்கிறது. 1981 முதலான மரணங்களை, எப்படி நடந்தது, எந்தப் பிழை என்ற குறிப்போடு அவர்களே பட்டியலிட்டு வருகிறார்கள். நானூறைத் தாண்டிய பட்டியல் அது. நண்பனின் பிழையை எழுதுவது அவனை அவமதிப்பது ஆகாதா என்ற வருத்தம் அவர்களிடம் இல்லாமல் இல்லை. இருந்தும் எழுதுகிறார்கள். விமானத்திலிருந்து குறைந்தது 200 முறையாவது குதித்த பிறகே பேஸ் பக்கம் வா என்று புதியவர்களைத் தடுப்பதும், காற்று சரியில்லாவிட்டால் உச்சிவரை ஏறியவர் நடந்தே இறங்குவதைப் பாராட்டுவதும் இந்தப் பட்டியல் கற்பித்த பழக்கங்கள். அனுபவம் மட்டும் காப்பாற்றாது என்பதும் அதில் இருக்கிறது. 1966இல் எல் கேபிடனிலிருந்து குதித்த பிரையன் ஷூபர்ட், நாற்பது ஆண்டுகள் கழித்து, 2006 அக்டோபரில், மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் பாலத் திருவிழாவில் குதித்தார். சட்டப்படி அனுமதிக்கப்பட்ட குதிப்பு. 66 வயது. குடை தாமதமாக விரிந்தது, இறந்தார்.

அதே 2006இல்தான் நம் இமயத்தில் ஓர் உலகச் சாதனை நிகழ்ந்தது. கங்கோத்ரிக்கு மேலே கார்வால் பகுதியில் உள்ள மேரு சிகரம். மே 23 அன்று ஆஸ்திரேலிய மருத்துவர் கிளென் சிங்கிள்மனும் அவருடைய மனைவி ஹெதர் ஸ்வானும் 6,604 மீட்டர் உயரத்திலிருந்து விங்சூட் அணிந்து குதித்தார்கள். அன்றைய நிலையில் உலகின் மிக உயரமான பேஸ் குதிப்பு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிகூட இல்லை. விங்சூட்டின் இறக்கைகளில் காற்று நிறைய நேரமாகும், அதுவரை குதித்தவர் கல்லாக விழுவார். தரையிறங்கும் வேகமும் கூடும். ஹெதர் ஸ்வான் அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை நிறுவன அதிகாரியாக இருந்தவர், மலையேற்றமும் குதிப்பும் அறியாதவர். ஆண்டுக்கணக்கான பயிற்சிதான் அவரை அந்த விளிம்பில் நிறுத்தியது. 2012இல் ரஷ்யரான வலேரி ரோசோவ், அருகிலுள்ள சிவலிங் மலையில் 6,400 மீட்டருக்கு மேலிருந்து பறந்தார். பிறகு 2013இல் 7,220 மீட்டர், 2016இல் சோ ஓயூவில் ஏறத்தாழ 7,700 மீட்டர் என்று உயர்ந்துகொண்டே போனவர், 2017 நவம்பரில் நேபாளத்தின் அமா டப்லாமில் இறந்தார்.

இந்தியர்களில் முதல் பெண் பேஸ் குதிப்பாளராக அறியப்படுபவர் அர்ச்சனா சர்தானா. கடற்படை அதிகாரியின் மனைவி. அமெரிக்கா சென்று இந்தக் கலையைக் கற்றார். அவர் ஸ்கூபா பயிற்றுநரும்கூட. வானத்தில் கற்ற ஒழுங்கு கடலுக்கு அந்நியமில்லை.

அந்தமான் வாசகர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சௌல்தாரியிலிருந்து இந்தத் தொடரைப் படிப்பவருக்கு எல் கேபிடன் போன்ற சுவர் எதுவும் அருகில் கிடையாது. தீவுகளின் மிக உயர்ந்த சிகரமான சாடில் பீக்கே 732 மீட்டர்தான், அதுவும் வட அந்தமானில், காடு மூடிய சரிவு. ஆனால் சிடியா டாப்புவிலும் சுவராஜ் தீவிலும் ஸ்கூபா இருக்கிறது. ஸ்கூபாவில் உங்களுக்கு இரண்டாவது வாய்க்குழாய் உண்டு, பேஸ் குதிப்பவருக்கு இல்லாத இரண்டாவது வாய்ப்பு அது. தண்ணீருக்குள் போகும் முன் அது வேலை செய்கிறதா என்று மூச்சிழுத்துப் பாருங்கள். உங்கள் எடைப்பட்டையின் கொக்கியை நீங்களே ஒருமுறை திறந்து மூடுங்கள். பழகாத உபகரணம் என்றால் ஆழமில்லாத நீரில் பழகிவிட்டுப் போங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் முடியாது என்று சொல்லுங்கள்.

சாகச விளையாட்டு நடத்துகிறவர்களிடமும் அரசிடமும் ஒரு வேண்டுகோள். 2013இல் சேலத்தில் நடந்த வான்குதிப்பு முகாமில் பாராசூட் விரியாமல் ஓர் இளம்பெண் இறந்தார். அந்த விபத்தைப் பற்றி நம் நினைவில் இருப்பது தலைப்புச் செய்தி மட்டுமே. வானிலோ கடலிலோ ஒரு சாகச விளையாட்டில் உயிர் போனால், என்ன உபகரணம், யார் சரிபார்த்தது, எங்கே பிழை என்ற அறிக்கை பொதுமக்கள் படிக்கும்படி, தமிழிலும் வெளியாக வேண்டும். பெயர் வேண்டாம், காரணம் போதும்.

(தொடரும்)