மழை விடுற லீவும் சட்டம் குடுத்த லீவும்

 நம் மலருக்கு மரக்காணம் உப்பளத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். உப்பு எப்படி விளையுது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாத்தி மிதிச்சு, தண்ணி கட்டி, உப்பை வாரி, கூடையில் தூக்கி அம்பாரத்தில் கொட்டுற வேலை நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும். அதனால் உப்பளத்தில் யாரும் அதிகம் பேசாத ஒன்றின் வரலாற்றை எழுதுகிறேன். அதுதான் சம்பளத்தோடு கூடிய லீவு.

"உப்பளத்தில் ஏது சம்பள லீவு?" என்று கேட்பீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் உப்பு சுமந்த எங்க அத்தையும் அதைத்தான் கேட்டாங்க. "நமக்கு லீவு விடுறது மழைதான். அது கூலி குடுக்குமா?" என்றாங்க.

லீவுக்குச் சம்பளம் என்பது உலகத்திலேயே ரொம்பப் பழைய வழக்கம் இல்லை. 1936-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஒரு வருஷம் வேலை செய்தவருக்குக் குறைந்தது ஆறு வேலை நாள் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும் என்று தீர்மானித்தது. நம் நாட்டில் வெள்ளைக்காரர் ஆட்சி முடியும் சமயம், 1945-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வருஷத்துக்குப் பத்து நாள் சம்பள லீவு கொண்டுவந்தார்கள். ஆனால் அது வருஷம் முழுக்க ஓடும் ஆலைகளுக்குத்தான். பருவத்துக்கு மட்டும் நடக்கும் தொழிலை ஒதுக்கிவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் அந்தப் பிரிவினையை எடுத்துப் போட்டது. பின்னால் திருத்தப்பட்ட அந்தச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்தால், 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் அடுத்த வருஷம் சம்பள லீவு என்று சொன்னது. எடுக்காத லீவில் 30 நாள் வரை அடுத்த வருஷத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த லீவைக் கம்பெனிகள் கணக்கில் எங்கே எழுதுவார்கள்? பத்தாவது வரை படித்த எனக்கு இது புரிந்தது நம்ம குழுக் கணக்கை வைத்துத்தான். நாம் கட்டும் சேமிப்பு குழுவின் ஆஸ்தி-பொறுப்பு அறிக்கையில் எந்தப் பக்கம் வரும்? பொறுப்புப் பக்கம். ஏன் என்றால் அது உறுப்பினருக்குக் குழு திருப்பித் தர வேண்டிய பணம். அதே மாதிரி, தொழிலாளி சம்பாதித்து இன்னும் எடுக்காத லீவுக்கு எவ்வளவு கூலி ஆகுமோ, அதை மார்ச் 31-ல் கம்பெனி தன் பொறுப்புப் பக்கம் எழுத வேண்டும். இந்தியக் கணக்கியல் தரநிலை 15 இதைச் சொல்கிறது. அப்படியென்றால் சம்பள லீவு முதலாளி மனசு வைத்துக் குடுக்கிற இனாம் இல்லை. வேலை செய்தவர் இன்னும் கையில் வாங்காத கூலி.

சரி, உப்பளம் தொழிற்சாலையா? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பம்பாயில் வடாலா உப்பளம் பற்றிய வழக்கில் 1961-ல் தீர்ப்பு வந்தது. கட்டடம் இல்லாத வெட்டவெளி ஆனாலும் உப்பளம் தொழிற்சாலைதான், கடல் தண்ணியை உப்பாக்குவது உற்பத்தி வேலைதான் என்று நீதிபதிகள் சொன்னார்கள். மோட்டார் ஓடும் இடத்தில் 10 பேர், மின்சாரம் இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால் அந்த 1948 சட்டம் பொருந்தியது.

பிறகு ஏன் லீவு நம் பாத்தி வரைக்கும் வரவில்லை? உப்பளம் துண்டு துண்டாகக் குத்தகைக்குப் போகிறது. மேஸ்திரி ஆள் கூப்பிடுகிறார். கூலி கைக்கு வந்தாலும் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை. இன்னொரு காரணம் அந்த 240. தை மாசம் தொடங்கி மழை வரும் வரை ஒன்பது மாசம் வைத்துக்கொள்வோம். மாசம் 26 நாள் ஒரு நாளும் விடாமல் போனாலும் 234 நாள்தான். ஆறு நாள் குறைகிறது!

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வழியும் இருந்தது. வருஷத்தின் நடுவில் வேலையை விட்டு நிறுத்தினாலோ, நாமே நின்றாலோ, 240 நாள் முடியாவிட்டாலும் செய்த வேலைக்கு 20-க்கு ஒன்று கணக்குப் போட்டு, இரண்டாம் வேலை நாள் முடிவதற்குள் பணம் தர வேண்டும். 200 நாள் உழைத்தவருக்குப் பத்து நாள் கூலி. நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்தால் 4,000 ரூபாய். எங்க அத்தைக்கு இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது வந்ததில்லை. அப்படி ஒன்று உண்டு என்று யாரும் சொன்னதும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வந்தால் பாத்தி எல்லாம் ஏரி மாதிரி ஆகிவிடும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் நம் கடற்கரையைப் புரட்டிப் போட்டதை மறக்க முடியுமா? அந்த மூணு மாசமும் கம்மல் அடகுக்குப் போகும், குழுவில் உள்கடன் கேட்பவர்கள் கூடுவார்கள். 2022-ல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் குடுக்கத் தொடங்கியது. வேலை இல்லாத மாசங்களும் ஒரு கணக்கில் ஏறியது நல்ல விஷயம். ஆனாலும் நிவாரணம் வேறு, உழைத்துச் சேர்த்த லீவுக் கூலி வேறு. ஒன்று வந்துவிட்டது என்று இன்னொன்றை விட்டுவிடக் கூடாது.

இப்போது சட்டம் மாறியிருக்கிறது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 240 நாள் 180 நாளாகக் குறைந்தது. நம்ம 234 இப்போது எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் 180 நாள் வேலைக்குப் போனேன் என்று எதைக் காட்டுவது?

அதனால் ஒரு வேண்டுகோள். சேமிப்பு, கடன், வட்டி எல்லாவற்றையும் ஒரு ரூபாய் விடாமல் எழுதுகிறோம். அதோடு உப்பளம் போகும் ஒவ்வொரு உறுப்பினரும் எந்தத் தேதியில், யாருடைய அளத்தில், என்ன கூலிக்கு வேலை செய்தார் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். வாரக் கூட்டத்தில் அதைப் படித்துக் கையெழுத்துப் போடுவோம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். நாலு பேர் நோட்டு ஒரே தேதியைச் சொன்னால், அதை இல்லை என்று மறுப்பது யாருக்கும் சுலபம் இல்லை. கூட்டமைப்பு வழியாகத் தொழிலாளர் துறையிடம் போய்க் கேட்கும்போது நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? வரும் தை மாசம் பாத்தி மிதிக்கிற முதல் நாளே நோட்டையும் தொடங்கலாம்.