பூனைக்கு ஒரு பாட்டு, பாடகனுக்கு என்ன ஆச்சு?

"சார், போதை போட்டாதான் அந்த மாதிரி பாட்டெல்லாம் வருமாமே?"

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் இன்பாக்ஸில் கேட்டது. பதில் கொஞ்சம் நீளம். ஒரு பூனையிலிருந்து ஆரம்பிப்போம்.

1) லண்டன், 1967. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் பாடகர், கிடார் கலைஞர் சிட் பாரெட். வயசு 21. அவர் ஆசையா வளர்த்த சயாமீஸ் பூனையின் பெயர் சாம். அதை வச்சு எழுதின பாட்டுதான் 'லூசிஃபர் சாம்'. துப்பறியும் படத்துல வர்ற மாதிரி கிடார், சுமார் 3 நிமிடம், அவ்வளவுதான். 1967 ஆகஸ்ட்டில் வந்த அவங்க முதல் ஆல்பத்தில் இருக்கு.

2) இந்த இசைக்கு சைக்கடெலிக் ராக்னு பேரு. எல்.எஸ்.டி போதை பரவிய காலம் அது. பாரெட்டும் எடுத்தார்.

3) எல்.எஸ்.டி எங்கிருந்து வந்தது? நம்ம தருமபுரி விவசாயிகளுக்குக் கம்பில் வரும் தேன் ஒழுகல் நோய் தெரியும். அதே இனத்துப் பூஞ்சை ஐரோப்பாவின் ரை தானியத்திலும் வரும். அதை ஆராய்ந்த ஆல்பர்ட் ஹாஃப்மன், 1938இல் சுவிட்சர்லாந்தில் எல்.எஸ்.டியை உருவாக்கினார். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்த நாங்க போடும் மெதர்ஜின் ஊசியும் அந்தப் பூஞ்சை வழி வந்ததுதான்!

4) பூனைப் பாட்டு வந்த சில மாதங்களிலேயே பாரெட் மேடையில் வாசிக்காமல் வெறித்து நிற்க ஆரம்பித்தார். 1968இல் குழுவை விட்டுப் பிரிந்தார். 1970இல் இரண்டு தனி ஆல்பங்கள். பிறகு கேம்பிரிட்ஜில் ஓவியம், தோட்டம் என்று ஒதுங்கியே வாழ்ந்து 2006இல், 60 வயதில் இறந்தார்.

5) அவருக்கு என்ன நோய்? பார்க்காத நோயாளிக்கு நான் பெயர் ஒட்ட மாட்டேன். ஆனால் ஒன்று உறுதி: குடும்பத்தில் மனநோய் இருப்பவர்களுக்கு இந்தப் போதை அதைத் தூண்டிவிடலாம். யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது.

6) ஆக, தம்பி, அந்தப் பாட்டுக்கு விதை வீட்டில் சுற்றிய பூனை. அதைக் கவனித்துப் பார்த்த கண் பாரெட்டுடையது. அந்த மாதிரி இன்னும் எத்தனையோ எழுதியிருக்க வேண்டியவர் 24 வயசுக்குப் பிறகு ஒரு ஆல்பம்கூட தரவில்லை.

நண்பர் யாராவது தூங்காமல், பேசாமல், திடீரென ஒதுங்கினால் "திமிர்"னு விட்டுடாதீங்க. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா 14416 டெலி மனாஸ். 24 மணி நேரமும் இலவசம்.


அரசு மருத்துவர், தருமபுரி